டாலருக்கு ஆகாத பழம்

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் சுரேந்தருக்குப் பெண்டாட்டி பிள்ளைக்கு அடுத்தபடி உயிர் என்றால் டாலர்தான். டாலர் ஒரு சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி. சூரியகாந்தி விதையாகவே தின்று தின்று அதற்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிட்டது. இனியும் இப்படித் தின்றால் பிழைக்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லி, எது ஆகும் எது ஆகாது என்று இங்கிலீஷில் ஒரு தாளும் எழுதித் தந்தார்.

அந்தத் தாள் செக்கிங் செக்‌ஷன் ஜெயசுதாவிடம் வந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பனியனில் ஓட்டையும் கறையும் பார்ப்பவள், கிளிக்குப் பழம் பார்க்க மாட்டாளா? கோவில்பட்டியிலிருந்து பிழைக்க வந்தவள் இந்தப் பதவி உயர்வை எங்கே போய்ச் சொல்லிக்கொள்வாள்!

"டாலருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க கம்பெனிப் பக்கமே வர வேண்டாமுங்க" என்றார் சுரேந்தர், மரியாதை குறையாமல்.

தாளில் 'கிளிக்கு அவகேடோ விஷம்' என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"அந்தக் கருமத்தை நம்ம ஊட்டுல ஆருங்க வாங்கறா?" என்று சுரேந்தர் சிரித்தார். மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி பட்டர் ஃப்ரூட் வந்து இறங்கியது. விலை கூடினால் சத்தும் கூடும் என்பது அவர் நம்பிக்கை.

ஜெயசுதாவும் கத்தியை எடுத்துவிட்டாள். ஆனால் எதை எடுத்தாலும் திருப்பி லேபிள் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? பழத்தில் ஒட்டியிருந்த குட்டி ஸ்டிக்கரை டாக்டர் தாளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். அச்சு அசல் அதே எழுத்து. வேலையும் போய்க் கிளியும் போயிருக்குமே என்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"சார், பட்டர் ஃப்ரூட்டுதான் அவகேடோவாம். லேபிளப் பாருங்க. ரிஜெக்ட்."

சுரேந்தருக்கு வியர்த்துவிட்டது. கூண்டுக்குள் எட்டி, டாலர் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மனசு இளகிச் சொன்னார்: "வெசத்த எதுக்குங்க வீணாக்கறது? செக்கிங் பொம்பளைங்களுக்குக் குடுத்துருங்க."

டீயும் பன்னுமாக வயிற்றைக் கழுவும் பதினாலு பேருக்கு அன்று சர்க்கரை தூவிய பட்டர் ஃப்ரூட் விருந்து. ஒருத்தியும் சாகவில்லை.

ஜெயசுதா தாளை மறுபடி ஊன்றிப் படித்தாள். முருங்கைக்கீரை, கேரட், முளைகட்டிய பச்சைப்பயறு ஆகும். பிஸ்தா, முந்திரி கொழுப்பு. அவர் வாங்கி வைப்பதோ பிஸ்தா. அவள் சொன்னால் கேட்கிற ஆளா அவர்? மூன்று வாரம் டாலருக்குக் கீரை வைக்கும்போதெல்லாம், பிஸ்தா டப்பாவைக் காட்டி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை சுரேந்தர் கூண்டருகே டப்பாவைத் திறந்தார்.

"ரிஜெக்ட்" என்றது டாலர், ஜெயசுதாவின் குரலில்.

"பாத்தீங்களா, நல்லது கெட்டது அதுக்கே தெரியுதுங்க" என்று பூரித்துப்போய், டப்பாவை அவளிடம் நீட்டினார். "இதையும் உங்காளுங்களுக்கே குடுத்துருங்க."