மர்சூக்குக்கு வந்த மூச்சுகள்

மர்சூக் அந்த வருடம் நான்கு தரம் மட்டுமே தானாக மூச்சு விட்டார். நான்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. முதல் மூச்சு மாசியில் பிரேசிலில் இருந்தும், அடுத்த இரண்டும் ஒரே கிழமையில் இந்தியாவில் இருந்தும், கடைசியானது ஐப்பசியில் நேபாளத்தில் இருந்தும் வந்தன. மற்ற நேரமெல்லாம் மன்னார்த் தீவில் ஓர் ஆசுபத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், ஆறாம் கட்டிலில், மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான டொக்டர் கீர்த்திகா ஏரம்பு, கட்டுவிரியன் தீண்டிய பத்தொன்பது பேரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டிருந்தார். விசகடி வைத்தியர் வீட்டில் சுணங்காமல் நேரே ஆசுபத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்பது அதன் சாரம். பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போனார்கள். பத்தொன்பதாவது ஆள் மர்சூக். முசலிக் கரையில் மீன்வாடித் தரையில் படுத்துக் கடிபட்டு, வைத்தியர் வாசலில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, வழியிலேயே மூச்சு நின்றவர். உலகத்தில் எவராவது கீர்த்திகாவின் கட்டுரையை மேற்கோள் காட்டினால், அது அச்சில் வந்த அதே நிமிடம் மர்சூக்கின் நெஞ்சு மெஷினை முந்திக்கொண்டு ஒரு தரம் எழும்பியது. கீர்த்திகா திகதிகளை மூன்று முறை ஒத்துப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தத்துக்குக் கீழே அதையும் குறித்துவைத்தார்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். வருடத்துக்கு நான்கு மூச்சு அதைவிடக் குறைவு. வெட்கத்தை விட்டுக் கீர்த்திகா முந்நூறு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார், என் கட்டுரையை எங்காவது ஓர் ஓரத்திலாவது குறிப்பிடுங்கள் என்று. ஒருவரும் பதில் போடவில்லை. கொழும்பில் ஆராய்ச்சிகளை மதிப்பிடும் குழுவொன்று, அவருடைய ஆராய்ச்சியின் தாக்கம் போதாது என்று கடிதம் அனுப்பியது. அதை மருந்து அறையில் வைத்து வாசித்துக் கீர்த்திகா அழுதார். கட்டுரைக்காக அழவில்லை. பத்தொன்பது பேரைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை என்று அவருக்கே தோன்றியதுதான் தாங்கவில்லை.

மர்சூக்கின் மனைவி நசீறா உப்புக்குளத்திலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் வருபவள். கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால்தான் இவருக்கு மூச்சு வருகிறது என்று கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஒரு நாளைக்கு மனிசருக்கு எத்தின மூச்சு வேணும், டொக்டர்?"

"இருவதாயிரத்துக்கு மேல."

"அப்ப தினமும் இருவதாயிரம் பேர் எழுதணும், என்ன?"

கீர்த்திகா ஓம் என்றார்.

நசீறா தன் தம்பி முஹைதீனின் அச்சகத்துக்குப் போனாள். அன்று தொடக்கம் கல்யாணக் கார்ட், பள்ளிவாசல் அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், பசளை விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாவற்றின் அடியிலும் ஒரு வரி விழுந்தது: பாம்பு தீண்டினால் எங்கும் நில்லாமல் ஆசுபத்திரிக்கு, பார்க்க: கீர்த்திகா ஏரம்பு, 2021. மாப்பிள்ளையின் பெயரைவிட டொக்டரின் பெயர் துலக்கமாய் விழுந்துவிட்டதென்று ஒரு கல்யாண வீட்டார் சண்டைக்கே வந்தார்கள். ஆனால் ஆறு மாதமாக இத்தனை அச்சடித்தும் மர்சூக்குக்கு ஒரு மூச்சுக்கூட வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வார்ட்டில் சொல்லிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தபோது, சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று கீர்த்திகா நினைத்தார்.

அடுத்த வருடக் கார்த்திகை வெள்ளத்தில், ஒரு விடியற்காலை, நானாட்டானிலிருந்து டிலோஜினி என்ற பத்து வயதுப் பிள்ளையை உழவு இயந்திரத்தில் கொண்டுவந்தார்கள். கட்டுவிரியன். இமை விழுந்து மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. தாதி காற்றுப்பையைக் கையால் அமுக்கி அமுக்கி உயிரைப் பிடித்துவைத்திருந்தார். இருந்த நான்கு மெஷினும் நான்கு பேரில் ஓடிக்கொண்டிருந்தன. வேறு ஆசுபத்திரிக்கு அனுப்பவும் வழியில்லை, வவுனியா வீதி தண்ணீருக்குள். எந்த மெஷினைக் கழற்றுவது என்று கீர்த்திகாவுக்குத் தெரியும். நசீறாவுக்கு ஆளனுப்பி வரவழைத்தார். ஆறாம் கட்டில் மெஷினையும் கண்ணாடிக்கு அப்பால் கிடந்த பிள்ளையையும் காட்டினார்.

நசீறா கண்ணாடிக்குள்ளால் பிள்ளையைப் பார்த்தாள். "மெஷின அதுக்குக் குடுங்க. இவருக்கு நான் கையால அமத்துறன்."

"எத்தினை நாளைக்கெண்டு அமத்துவீங்கள்?"

"கை இருக்கிற நாளைக்கு."

மத்தியானம்வரை அமுக்கினாள். விரல்கள் விறைத்து மணிக்கட்டு வீங்கியது; மாற்ற வந்த தாதியையும் விடவில்லை. கீர்த்திகா டிலோஜினியின் தாய் பிரேமினியிடம், எப்படி இவ்வளவு கெதியாக வந்தீர்கள் என்று விசாரித்தார். வைத்தியர் வீடு ரெண்டு வளவு தள்ளித்தான், எல்லாரும் அங்கதான் போகச் சொன்னவை என்றாள் பிரேமினி.

"ஆனா கல்யாணக் கார்டில உங்கட பேர் போட்டுக் கிடந்தது. அதை நம்பித்தான் வந்தனாங்கள்."

அப்போது ஆறாம் கட்டிலிலிருந்து நசீறா கூப்பிட்டாள். "நான் அமத்தேல்ல, டொக்டர்."

மர்சூக்கின் நெஞ்சு தானாக எழும்பித் தாழ்ந்தது. பத்து, இருபது, நூறு என்று எண்ணிக் கீர்த்திகா எண்ணுவதை நிறுத்தினார். பக்கத்துக் கட்டிலில் பிள்ளையின் நெஞ்சு எழும்பும்போதெல்லாம் இவருடையதும் எழும்பியது. ஐந்தாம் நாள் பிள்ளைக்கு மெஷின் தேவைப்படவில்லை. தையில் மர்சூக் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

கொழும்புக் குழுவின் பதிவில் மேற்கோள்கள் இன்றும் நான்குதான். கீர்த்திகா திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. டிலோஜினி இப்போது பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இருக்கிறாள். அவள் விளையாடும் பின்னேரங்களில், உப்புக்குளத்தில் கதிரையில் சும்மா இருக்கும் மர்சூக்குக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. ஆட்டம் முடியும்வரை நசீறா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அரிசி கழுவ எழும்பிப் போகிறாள்.