எழுத்தழிந்த நாலு வால்வு

ஆயுத பூஜைக்கு ஆயுதத்தைத் தொடைச்சு வைங்கன்னு புருஷன்கிட்ட சொல்றதுல என்ன தப்பு இருக்க முடியும், சொல்லுங்க? காஞ்சிபுரத்துல அன்னைக்குத் தறிக்குச் சந்தனம், ஆட்டோவுக்குச் சந்தனம், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் சந்தனம். ரேவதியும் அவ்ளோதான் சொன்னா. "கடை சாமான் எல்லாத்தையும் தொடைச்சு பூஜையில வைங்க, தாமல் ஊர்ல ஒரு ரேடியோ நின்னுபோச்சாம், பார்த்துட்டு வந்துடறேன்." சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு போயிட்டா. அந்தச் சமயம் பார்த்துதான் சனியன் வீட்டுக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துச்சு.

ரேவதிக்குத் தொழில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர். அதுவும் டிரான்சிஸ்டருக்கு முன்னாடி வந்த வால்வு செட்டுங்க மட்டும்தான். வால்வுன்னா விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளார கம்பி சிவப்பா எரியும். அது எரிஞ்சாத்தான் பாட்டு. இந்தக் காலத்துல யாருக்குய்யா வேணும் இந்த எழவுன்னு கேப்பீங்க. இருக்கறாங்களே! காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர்னு ஒரு கூட்டமே இருக்குது. வீட்டுல அரிசி இருக்குதான்னு பார்க்க மாட்டாங்க, வால்வு இருக்குதான்னு பார்ப்பாங்க. ஒரே பாட்டை இந்த வால்வுல ஒரு தரம், அந்த வால்வுல ஒரு தரம் கேட்டுட்டு, இதுல குரல் கிட்ட வருது, அதுல தூரப் போவுதுன்னு அடிச்சுக்குவாங்க. அதுக்கு ஒரு வாட்ஸப் குரூப்பு வேற. அதுல ஒரே பொம்பள ரேவதி.

அந்தக் கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் வால்வை இன்னொருத்தர் இரவல் வாங்கினு போய்த் தன்னுதோட ஒப்பிட்டுப் பார்ப்பார். எழுதி வாங்கறதில்ல, சாட்சி வைக்கறதில்ல, வாய்ப்பேச்சுதான். ஆனா அதுலயும் திருட்டுப் பசங்க பூந்துட்டாங்க. இரவல் வாங்கின ஒசத்தி வால்வைத் தான் வச்சுக்குவான். மட்டமான வால்வு மேல அச்சடிச்சிருக்கற கம்பெனி, ஊர் எழுத்தை அழிச்சுட்டு, அதத் திருப்பிக் குடுப்பான். கேட்டா, "தொடைச்சேன்பா, அழிஞ்சு போச்சு"ம்பான். அப்பிடி மாட்டினவனுக்கு அப்புறம் யாரும் ஒரு ஸ்குரூடிரைவர்கூட குடுக்க மாட்டாங்க. அவன் கடை வாசல்ல எவனும் செட்டைக் கொண்டாந்து இறக்கவும் மாட்டான்.

இப்ப ரேவதி கையில இரவலா இருந்தது கலீமுல்லாவோட ரெண்டு இங்கிலாந்து வால்வு. இரும்புக்கடை கலீம் பாய். அறுபது தாண்டின மனுஷன். ஹைதராபாத்ல ஒரு ரேடியோ கடைய மூடறாங்கன்னு கேள்விப்பட்டு, ரயிலேறிப் போய், பிரிக்காத டப்பாவோட அந்த ஜோடியைக் கொண்டாந்தவர். இங்கிலாந்து வால்வு தேன், நம்ம பெங்களூர்ல பண்ண வால்வு தகர டப்பான்னு அவர் சொல்லுவார். ரேவதி ஒத்துக்க மாட்டா. "தகரமா தேனான்னு வச்சுப் பார்த்துதான் சொல்லணும், குடுங்க பாய்"னு தன்னோட பெங்களூர் ஜோடியோட ஒப்பிட ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தா. விஜயதசமி காலையில வந்து எடுத்துக்கறேன்னு அவரும் சொல்லியிருந்தார்.

அந்த விஜயதசமி காலையிலதான் ரேவதி பூஜையிலேர்ந்து சாமானை எடுத்தா. முந்தின நாள் அவ தாமல்லேர்ந்து வந்தப்ப விளக்கேத்தி, பொரி கடலை வச்சு, எல்லாம் பூவுக்கு அடியில இருந்துது. அவளும் கற்பூரத்தைக் கண்ணுல ஒத்திக்கினு போயிட்டா. இப்பப் பூவை எடுத்தா, சால்டரிங் அயர்ன், மீட்டர், அதுக்குப் பக்கத்துல வரிசையா நாலு வால்வு. நாலும் வைரமா மின்னுது. நாலு நெத்தியிலயும் சந்தனப் பொட்டு. எழுத்து மட்டும் ஒண்ணுலயும் இல்ல.

ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

குரு, அவ புருஷன், ஸ்ரீபெரும்புதூர்ல கார் கம்பெனியில வேலை. தங்கமான ஆளு. அதுதான் பிரச்சினையே. "பளபளன்னு இருக்குது இல்ல? ஈரத்துணிக்கு அழுக்கு போவல. விபூதி போட்டு ஒரு தேய் தேய்ச்சேன், பாரு!"

"அது அழுக்கு இல்லங்க, எழுத்து! எது பாயோடது, எது நம்மளுதுன்னு இப்ப எப்பிடிங்க தெரியும்?"

குரு முகம் செத்துப்போச்சு. "நீதானம்மா எல்லாத்தையும் தொடைச்சு வையின்னு சொன்ன..."

அவருகிட்ட கத்தி என்ன ஆவப்போவுது? பாயோட ரெண்டு டப்பாவும் பத்திரமா இருந்துது. காலி டப்பாவை வச்சுக்கினு என்ன பண்றது! ரேவதி லென்ஸை எடுத்துக்கினு உக்காந்தா. சில வால்வுல கண்ணாடியிலயே நம்பர் பொறிச்சிருப்பாங்க. இந்த நாலுலயும் அதுவும் இல்ல. உள்ளார தகடு, கம்பி, எல்லாம் அச்சு அசல் ஒண்ணு. மீட்டர்ல போட்டா முள்ளு நாலுக்கும் ஒரே இடத்துல நிக்குது. அவ ஆம்ப்ளிஃபையர்ல மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டா. பயத்துல இருக்கற காதுக்கு என்ன கேக்கும்? அவ நெஞ்சு அடிக்கறதுதான் கேட்டுது.

"ரெண்டை எடுத்து டப்பாவுல போட்டுக் குடுத்துடு. அவருக்கு என்னா தெரியப் போவுது"ன்னார் குரு.

"கலீம் பாய் காதுக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கினு எந்த வால்வுன்னு சொல்ற மனுஷங்க அது. மாத்திக் குடுத்தேன்னு வையுங்க, நான் திருடி. உண்மையச் சொன்னேன்னு வையுங்க, தொடைச்சேன் அழிஞ்சுபோச்சுன்னு திருடனுங்க சொல்றதையேதான் நானும் சொல்லணும். எப்பிடிப் பார்த்தாலும் இந்தக் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

பேசிக்கினு இருக்கும்போதே வாசல்ல ஸ்கூட்டர் சத்தம்.

"ரேவதிம்மா! என் புள்ளைங்க ரெண்டும் சவுக்கியமா?" சிரிச்சுக்கினேதான் உள்ள வந்தார் கலீம் பாய். கக்கத்துல அவர் எப்பவும் கொண்டு வர்ற கவாலிப் பாட்டு ரெக்கார்டு.

ரேவதி சுத்தி வளைக்கல. மேஜையக் காட்டினா. நடந்ததை நடந்தபடி சொன்னா. குருவும் கையக் கட்டிக்கினு, "என் தப்புதான் பாய், அவ ஊர்லயே இல்ல"ன்னார்.

பாய் ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா வத்திப்போச்சு.

"தொடைச்சீங்க. அழிஞ்சு போச்சு"ன்னார்.

இத்தனை வருஷமா 'வா, போ, பேட்டி'ன்னு, பெத்த மகளாட்டம் கூப்பிட்ட வாயி. இப்ப 'நீங்க'. ரேவதிக்கு அந்த ஒரு வார்த்தை போதும், செருப்பால அடிச்சாப்போல இருந்துது.

"பாய், நான் அப்பிடிச் செய்வேனா?"

"எவன்தான் செய்வேன்னு சொல்லிட்டுச் செஞ்சான்? ஒரு வாரத்துக்குன்னு கெஞ்சிக் கேட்டீங்க. இங்க நாலு மொட்டை வால்வு இருக்குது. என்னுது ரெண்டும் இந்த நாலுல இருக்குதோ, இல்ல ஆற்காட்டுல எவன் கைக்காவது போயிடுச்சோ, எனக்கு எப்பிடித் தெரியும்?" ஃபோனை எடுத்து வாய்கிட்ட வச்சார். ரேவதி, "வேணாம் பாய்"னு சொல்றதுக்குள்ள குரூப்புக்கு வாய்ஸ் மெசேஜ் பறந்துடுச்சு. "கலீமுல்லா பேசறேன். ரேவதி வீட்டுல இருக்கறேன். என் இங்கிலாந்து ஜோடி எழுத்தழிஞ்சு கிடக்குது. யாரும் அவங்களுக்கு இரவல் குடுக்கறதுன்னா யோசிச்சுக் குடுங்க."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டிங் டிங்னு அவ ஃபோனும் அடிக்க ஆரம்பிச்சுது. அவ எடுத்துப் பார்க்கல. பார்க்கற தெம்பு இல்ல. ஆனா ரேவதிக்கு ஒரு குணம், கழுத்துக்குக் கத்தி வந்தா அழ மாட்டா, கோவம் வந்துடும்.

"சரி பாய். என்னை நம்ப வேணாம். உங்க காதை நம்புவீங்க இல்ல? நாலும் இங்க இருக்குது. போட்டுக் கேளுங்க. உங்களுது இதுல இல்லன்னு உங்க காது சொன்னா, நானே குரூப்புல திருடின்னு பேசறேன்."

பாய் ஃபோனைப் பாக்கெட்ல போட்டார். அப்புறம் ரெக்கார்டை உறையிலேர்ந்து உருவினார்.

எது எதோட ஜோடின்னு மட்டும் தெரிஞ்சுது. குரு ஒரு ஜோடிய முடிச்சுட்டுத்தான் அடுத்த ஜோடிய எடுத்துத் தொடைச்சு, ஜோடி ஜோடியா வச்சிருந்தார். அதையாவது செஞ்சாரே, மகராசன். ரேவதி ஒரு ஜோடியை மாட்டி, கம்பி நல்லாச் சிவக்கற வரைக்கும் காத்திருந்து ரெக்கார்டு மேல முள்ளை இறக்கினா. கலீம் பாய் கண்ணை மூடினார். கைத்தாளம் எழும்புது, பெரிய குரல் ஒண்ணு ஏறி நிக்குது. அவர் முகத்துல ஒரு அசைவு இல்ல. மூச்சு விடுறாரான்னுகூட ரேவதிக்குச் சந்தேகம். முடிஞ்சதும், "அடுத்தது"ன்னு மட்டும் சொன்னார்.

ரேவதி அந்த ஜோடி ஆறினப்புறம் கழட்டித் துணி மேல வச்சா. அடுத்ததோட ஊசிக்கால் சாக்கெட் ஓட்டையில இறங்க மாட்டேங்குது. ரெண்டாவது ஜோடி. அதே பாட்டு. அதே கைத்தாளம். பெரிய குரல் ஏறுது. ஏறி நிக்குது. கலீம் பாயோட தாடி லேசா ஆடிச்சு. மூடின கண்ணு ஓரத்துல தண்ணி.

"யா அல்லா"ன்னார். "இதுதான். என் புள்ளைங்க இதுதான். இந்தக் குரல் வேற எதுல வரும்?"

ரேவதி அப்பிடியே சுவத்துல சாஞ்சுட்டா. குரு ஓடிப்போய் டீ போட்டார். பாய் ஃபோனை மறுபடியும் எடுத்தார். "நான்தான், கலீமுல்லா. என் ஜோடி கிடைச்சுடுச்சு. கேட்டதும் தெரிஞ்சுது. ரேவதி மேல தப்பில்ல." சொல்லிட்டு அவளைப் பார்த்து, "மன்னிச்சுடு பேட்டி. ஆனா இந்தக் காது இல்லன்னா இன்னைக்கு நீ அவ்ளோதான்"ன்னு சிரிச்சார்.

அவ ஜோடி துணி மேல இருந்துது. சில்லுன்னு ஆறியிருந்துது. சந்தனம் இன்னும் ஒட்டிக்கினு இருக்குதேன்னு ஒண்ணை எடுத்து, கண்ணாடிய ஊதித் தொடைக்கறாப்போல ஹாஆன்னு வாய் ஆவி விட்டா. கண்ணாடி மங்கிச்சு. அந்த மங்கல்ல, சாயம் போன இடத்துல, எழுத்து தெரிஞ்சுது. மேட் இன் கிரேட் பிரிட்டன்.

ஆவி அடங்கினதும் எழுத்தும் போயிடுச்சு. இன்னொண்ணை எடுத்து ஊதினா. அதே எழுத்து.

பாய் முதல்ல கேட்டு, முகம் அசையாம ஒதுக்கினாரே, அந்த ஜோடி. மூணு அடி தள்ளி பாய் அவளோட பெங்களூர் ஜோடியைக் கழட்டிக் குழந்தையாட்டம் டப்பாவுல படுக்க வச்சுக்கினு இருக்கறார்.

குருவும் பார்த்துட்டார். டீ டம்ளரோட நின்ன இடத்துலேர்ந்து, பாய் பார்க்காதபடி உதட்டு மேல விரலை வச்சார். விட்டுடும்மா, கும்பிடறேன், விட்டுடு.

விட்டுட்டா என்ன? குரூப்புல அவ நல்லவ. பாய் சந்தோஷமா வீட்டுக்குப் போவார். வாயைத் திறந்தா அவரோட காது போச்சு. கூட்டத்துல அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். 'கலீம் பாய் காது'ன்னு ஒரு பேச்சே உண்டு. அவமானத்துல அந்த மனுஷன் இன்னும் என்ன பேசுவாரோ, மூணாவதா குரூப்புக்கு என்ன அனுப்புவாரோ. இப்பதான் கழுத்துலேர்ந்து கத்தி இறங்கியிருக்குது, தானா எடுத்து மறுபடி வச்சுக்கணுமா?

ஆனா வாயை மூடினா, காலையில அவர் சொன்ன வார்த்தை நிஜமாயிடும். அவர் வால்வு அவகிட்டயே இருந்துடும். அவ நிஜமாவே திருடி.

"பாய்." வால்வை எடுத்துக்கினு அவர்கிட்ட போனா. "பாய், அது என்னுது. உங்களுது இங்க இருக்குது."

அவருக்குப் புரியல. ரேவதி வால்வை அவர் கையில குடுத்தா. "ஊதுங்க."

கலீம் பாய் ஊதினார். பார்த்தார். எழுத்து மறைஞ்சுது. மறுபடி ஊதினார். அப்புறம் டப்பாவுல வச்சதை வெளிய எடுத்து, அது சூடு ஆறுற வரைக்கும் உள்ளங்கையிலயே வச்சிருந்து, அதையும் ஊதினார். அதுல வந்தது மேட் இன் இந்தியா. வெளிய எவனோ ஹாரன் அடிச்சுக்கினே போறான். குரு டீயைக் கீழ வைக்கக்கூட மறந்து நிக்கறார். கிழவர் முகம் கருத்துக்கினு வர்றதை ரேவதி பார்த்தா. முடிஞ்சுது, இதுக்கு மேல இந்த மனுஷன் என் வாசல் மிதிக்க மாட்டார்னு நினைச்சா.

அவர் ஃபோனை எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். கலீமுல்லா பேசறேன். காலையிலேர்ந்து ரெண்டு தரம் பேசினேன். ரெண்டும் தப்பு. ரேவதி வால்வை மாத்தலை. மாத்தினது என் காது. நான் தகரம் தகரம்னு சொன்னேனே பெங்களூர் வால்வு, அதைக் கேட்டுத்தான் இன்னைக்கு நான் அழுதேன். என்னுதுன்னு நினைச்சு அழுதேன்." நிறுத்தினார். விரல் மட்டும் ஃபோனை அழுத்திக்கினே இருந்துது. "இதை நான் கண்டுபிடிக்கல. அவதான் சொன்னா. சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

விரலை எடுத்தார். மெசேஜ் போயிடுச்சு.

இங்கிலாந்து ஜோடியை டப்பாவுல போட்டு மூடினார். ரெக்கார்டைக் கக்கத்துல வச்சுக்கினு வாசல் வரைக்கும் போனவர், செருப்பை மாட்டிக்கினே திரும்பாம கேட்டார்.

"பேட்டி, உன் பெங்களூர் ஜோடிய ஒரு வாரத்துக்கு இரவல் குடுப்பியா?"

ரேவதி மேஜைகிட்ட போனா. ரெண்டு வால்வையும் பழைய துணியில சுத்தி, எழுத்தும் இல்லாம டப்பாவும் இல்லாம, அவர் கையில வச்சா. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டினப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்துது.