நகம் வெட்ட வந்த மைனர்

துடியலூர் தாண்டும்போது மைனரின் மூக்கிலிருந்து மறுபடியும் ரத்தம் வந்தது. பின்சீட்டில் அதன் தலையை மடியில் வைத்திருந்த புவனா, துண்டில் கறைபடாத மூலையாகத் தேடி ஒற்றி எடுத்தாள். நாய் கண்ணைத் திறக்கவில்லை. சாவிச் சத்தம் கேட்டாலே காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நாய் அது. தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது நடக்கிற நடையைப் பார்த்து, மகள் அக்ஷயா வைத்த பெயர்தான் மைனர். இன்று காரமடையில் அதைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

"ஆராச்சும் பாத்துப்போட்டா என்ன சொல்றது?" என்றார் அவள் கணவர் மோகன்குமார், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி. காலையிலிருந்து அவரிடம் இருந்த ஒரே கேள்வி இதுதான்.

"நாயக் கூட்டிக்கிட்டு நாய் டாக்டர்கிட்டப் போறோமுன்னு சொல்லுங்க."

"மாப்பிள்ளையே டாக்டரு. அவர உட்டுப்போட்டு இன்னொருத்தர்கிட்டப் போனமுன்னு சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காது என்பது புவனாவுக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் இழுத்துவிட்டது. அக்ஷயாவுக்கும் சிறுமுகை உதய்க்கும் நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம். உதய் மாட்டு டாக்டர். கன்று சிக்கிக்கொண்டது, மடி வீங்கிவிட்டது என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மைனர் சோறு தின்னாமல், மூக்கில் ரத்தம் கசியப் படுத்தபோது அவனுக்கு ஃபோன் போடுவதைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்தான். வைத்த காபியைத் தொடாமல் முதலில் நாயைப் பார்த்தான். "வெக்கைங்க அத்தை. சில்லுமூக்கு ஒடைஞ்சிருக்குது" என்று ஊசி போட்டான். மறுநாள் நாய் நாலு வாய் தின்றது, அதற்கடுத்த நாள் மறுபடி படுத்தது. அவன் மறுபடி வந்தான். வரும்போதெல்லாம் பழம் வாங்கி வந்தான், இவர்களும் வெள்ளி டம்ளரை எடுத்து வைத்தார்கள். மைனர் ஒரு பக்கம் மெலிய, இரண்டு வீட்டு மரியாதையும் இன்னொரு பக்கம் கொழுத்துக்கொண்டே போனது.

பெங்களூரிலிருந்து அக்ஷயாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "அம்மா, சாய்பாபா காலனில மெஹராஜ்னு ஒரு டாக்டர் இருக்காங்களாம். நாய்க்குன்னா அவங்கதான்னு இங்க இருக்கிற நம்மூர்க்காரங்க எல்லாரும் சொல்றாங்க. போய்க் காட்டுங்க. ஆனா நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க."

புவனாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாயில்லா ஜீவன் நாளுக்கு நாள் கரைவது கண்ணுக்குத் தெரியும்போதும் தன் வைத்தியம் தவறாக இருக்குமோ என்று நினைக்காத ஒருவனிடம் மகளைக் கொடுக்கப்போகிறோமா? மைனர் பிழைக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதில் அக்ஷயாவுக்கான வேண்டுதலும் கலந்திருந்தது.

ஆஸ்பத்திரி ஒரு பழைய வீடு. மோகன்குமார் நாயைத் தூக்கி வந்து உள்ளே பெஞ்சில் கிடத்தினார். அடுத்த நொடியே காருக்குத் திரும்பி, கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். புவனா மூச்சு வாங்கிக்கொண்டு எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள். காதில் பஞ்சு வைத்த ஒரு பீகிள் நாயை மடியில் போட்டுக்கொண்டு உதய் உட்கார்ந்திருந்தான்.

ஊசிக்காரனின் வாசனை மைனருக்கு அந்த மயக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். வால் மெல்ல உள்ளே போனது.

"வாங்க அத்தை" என்று எழுந்தான் உதய்.

"வாங்க மாப்ள" என்றாள் புவனா. யார் வீட்டில் யார் யாரை வரவேற்கிறார்கள் என்று இருவருக்கும் விளங்கவில்லை.

"மைனருக்கு நகம் வளந்துபோச்சுங்க. சித்த வெட்டிக்கிட்டுப் போலாமுன்னு வந்தோம்." சொல்லும்போதே ரத்தத் துண்டைச் சேலைத் தலைப்புக்குள் தள்ளினாள்.

"நல்லதுங்க. இவனுக்குத் தடுப்பூசிங்க." அந்த நேரம் பார்த்து பீகிள் தலையைச் சாய்த்து, பின்னங்காலால் காதைப் பிறாண்டி, வீல் என்று கத்தியது. உதய் அதைத் தட்டிக்கொடுத்தான். இருவரும் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார்கள்.

"ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க." நேற்று சாயந்தரம்தான் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கியிருந்தார்கள்.

உள்ளேயிருந்து மைனரின் பெயரைக் கூப்பிட்டார்கள். புவனாவால் தூக்க முடியவில்லை. உதய் வந்து நாயை அள்ளிக்கொண்டு போய் உள்ளே பாயில் கிடத்திவிட்டு, தலை நிமிராமல் வெளியே வந்துவிட்டான். நடுவில் ஒரு திரை மட்டும்தான்.

டாக்டர் மெஹராஜுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி. நாயை மேசையில் ஏற்றச் சொல்லாமல் அவரே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையை நீட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். மைனர் அந்தக் கையை முகர்ந்து முடிக்கும்வரை தொடவில்லை. பிறகு உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். அது வெளுத்துக் கிடந்தது. காது மடலைப் புரட்டினார், கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இடுக்கில் உண்ணிகள் கொத்தாக இருந்தன. ரத்தம் எடுத்து உள்ளறைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் சொன்னார்.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தத்த உறைய வைக்கிற அணு ரொம்பக் கொறைஞ்சு கெடக்குது. இதுக்கு முன்னாடி ஆருகிட்டக் காட்டுனீங்க?"

"ஆருகிட்டயும் இல்லீங்க" என்றாள் புவனா. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. விருந்தாளி முன்னால் வீட்டுக் குறையைச் சொல்லக்கூடாது என்று பழகிய வாய், தானாகவே சொல்லிவிட்டது.

"ஊசி ஏதாச்சும்? வலிக்கோ, காய்ச்சலுக்கோ?"

"ஒண்ணும் போடலீங்க."

டாக்டர் மருந்துக் குப்பியை எடுத்தவர், ஊசியில் ஏற்றாமல் அவளைப் பார்த்தார். "அம்மா, ஆரையும் கொறை சொல்றதுக்குக் கேக்கலீங்க. வலி ஊசி போட்டிருந்தா இந்த மருந்து ஆகவே ஆகாது. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சு உசுரு போயிரும். நல்லா நெனச்சுச் சொல்லுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. சொன்னால், நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளையை அவன் காதுபடவே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் மைனர் செத்துப்போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் தலைப்புக்குள் இருந்த ரத்தத் துண்டைத்தான் அவள் இன்னும் உள்ளே தள்ளினாள். அந்த நிமிடம் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

திரை விலகியது.

"போட்டிருக்குதுங்க மேடம். நாந்தான் போட்டேன்." உதய் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னான். "நேத்து சாயந்தரங்கூடப் போட்டனுங்க. வெக்கைன்னு நெனச்சுப்போட்டேன். வெரலப் பிரிச்சுக்கூடப் பாக்கல. தப்பு என்மேலதானுங்க."

டாக்டர் குப்பியைத் திரும்ப வைத்தார். அலமாரியைத் திறந்து வேறு மருந்து தேடிக்கொண்டே, "உன் நாய்க்குக் காது சீழ் புடிச்சா எங்கிட்டக் கொண்டாற. இவங்க நாய மட்டும் நீயே பாத்துக்கிறியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே அவனுக்கு உறைக்கப் போதுமாக இருந்தது.

"மாடுன்னா தைரியமாப் பாத்துருவனுங்க. அத்தை கூப்புட்டு வந்து நின்னதுக்கப்புறம், நாய் எனக்கு அவ்வளவு பழக்கமில்லைன்னு சொல்ல வாயே வரலீங்க."

"எனக்குந்தானுங்க மாப்ள வாய் வரல" என்றாள் புவனா. தலைப்புக்குள் ஒளித்த துண்டை வெளியே எடுத்து மைனரின் மூக்கைத் துடைத்தாள். வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் கல்லாகக் கிடந்த அந்த இன்னொரு பயம் மட்டும் இப்போது இல்லை.

"பொழைச்சுக்குமுங்களா டாக்டர்?"

"இன்னைக்கு ராத்திரி தாண்டட்டும். இப்பவே வாக்குக் கொடுக்க முடியாதுங்க."

குளுக்கோஸ் ஏற்றும்போது காலை அசைக்காமல் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. உதய் பாயில் உட்கார்ந்து மைனரின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் பீகிளின் காதைப் பார்க்கப் போனார். காரிலிருந்து மோகன்குமார் ஃபோன் பண்ணினார்.

"முடிஞ்சுதா? ஆரும் பாக்கலியே?"

"பாத்துட்டாங்க. உள்ள வாங்க."

வைத்த கையோடு அக்ஷயாவின் ஃபோன் வந்தது. அந்தச் சின்ன அறையில் அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. "அம்மா, காட்டுனீங்களா? என்ன சொன்னாங்க? அவருக்குத் தெரியாதில்ல?"

உதயின் காது சிவந்தது. புவனா ஒரு நிமிடம் யோசித்தாள். அப்புறம் ஃபோனை அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிப்போடுங்க மாப்ள."

ஒரு கையால் நாயின் காலை விடாமல் மறு கையால் வாங்கிக்கொண்டான். "ஹலோ" என்றான்.

"ஹலோ? அம்மா? ஆரு அது? மைனரு எப்படி இருக்குது?"

மூடிய கண் மூடியபடியே இருக்க, மைனரின் ஒரு காது மட்டும் மெதுவாக நிமிர்ந்தது. உதய் ஃபோனைத் தன் காதிலிருந்து எடுத்து, அந்தக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.