நூருல்லாவின் மூக்கு

தெருக்கோடி பெட்ரோல் பங்க்கில் பூமிக்கடியில் இருந்த டாங்கி எப்போது ஓட்டையானதோ, தெருவின் கிணறெல்லாம் பெட்ரோல் வாடை. எண்பத்தேழில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று வந்து கொட்டகை போட்டு, உயரமாக ஒரு இரும்புத் தூண் நிறுத்தியது. உள்ளே மேலிருந்து கிணற்றுத் தண்ணீர் கொட்டும், கீழிருந்து காற்று ஏறும், தண்ணீரிலுள்ள பெட்ரோலைக் காற்று வாங்கிக்கொள்ளும். அந்தக் காற்றை அப்படியே தெருவில் விட முடியுமா? பக்கத்தில் ஒரு பீப்பாய் நிறையக் கரி வைத்தார்கள். அடுப்புக்கரி இல்லை, வாடையை உறிஞ்சுவதற்கென்றே பதப்படுத்திய தேங்காய் ஓட்டுக் கரி.

கரி நிறைந்துவிட்டால் வாடை வெளியே வரும். அதைக் கண்டுபிடிக்க மெஷினா வைத்தார்கள்? ஆபரேட்டர் நூருல்லாவின் மூக்கைத்தான் வைத்தார்கள். தினமும் காலையில் பீப்பாய் வாயில் முகர்ந்து நோட்டில் எழுத வேண்டும். வாசனை உண்டென்று எழுதினால்தான் புதுக் கரி வரும். இரண்டு வருஷமாக அந்தக் கொட்டகையின் புழுக்கத்திலும் வாடையிலுமே நின்று மனுஷன் அலுத்துப்போயிருந்தார். ஆனாலும் ஒருநாள்கூட முகராமல் எழுதியதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாள் வீடு. வாடையில் தலைவலி, வாந்தி என்று பிள்ளை துவண்டதால், நாலு மாதமாக அவனை அடி அண்ணாமலையில் தங்கை வீட்டில் விட்டிருந்தாள். கரியை மாற்றினால் கூட்டிவந்துவிடலாம் என்று வாரம் தவறாமல் வந்து நிற்பாள். நூருல்லா இன்னொரு தடவை முகர்ந்து, ஒன்றுமில்லையே என்பார். இவளுக்கு வேறு வேலையில்லை என்று எரிச்சலும் வரும்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாயில் சாய்ந்து பீடியை எடுத்தார். மனைவி வஜீதா ஓடிவந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள்.

"ஏங்க, ஸ்டவ் கவுந்து பாயெல்லாம் கிருஷ்ணாயிலு. வீடே நாறுது, தெரியல?"

தெரியவில்லை. பாயின் ஓரத்தை மூக்கருகே தூக்கிப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் நோட்டைத் திறக்காமல் கன்னியம்மாளைக் கூப்பிட்டு, முகர்ந்து சொல்லச் சொன்னார். அவள் கொட்டகை வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நூருல்லா மோட்டாரை நிறுத்தினார். தன் மூக்கு செத்துப்போன கதையைச் சொன்னார். ஒரு பொய்யும் எழுதாமலே ஒரு பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறோமே என்று கூசியது அவருக்கு.

"ஆபீசுக்கும் போய் அழுதேன் பாய்," என்றாள் கன்னியம்மாள். "ஒங்க நோட்டக் காட்டி, அவரு பொய் எழுத மாட்டாரும்மானு அனுப்பிட்டாங்க. எனக்கும் அது தெரியுமே. கடைசியில எனக்கும் புள்ளைக்குந்தான் ஏதோ கோளாறுனு நெனச்சிக்கினேன்."