டாக்டருக்குக் கேட்காத மூச்சு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் குன்னூரில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலையில் சுலோச்சனா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். "அங்கம்மான்னு ஒருத்திக்காக ஒரே ஒரு தடவை ரூலை மீறிட்டனுங்க" என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மீதிக்கு நான்தான் பொறுப்பு.

2

பந்தலூரில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்த

(வேண்டாம். பந்தலூரில் மழை என்றைக்குத்தான் கொட்டவில்லை?)

1974. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், நிறைந்திருந்தன. டாக்டர் இருந்ததோ ஊட்டியில். தினமும் பதினொரு மணிக்கு எஸ்டேட் கம்பவுண்டர் அம்புரோஸ் போனில் நோயாளிகளின் நிலையைச் சொல்வார். டாக்டர் அங்கிருந்தே மருந்து சொல்வார். யாரை ஜீப்பில் ஊட்டிக்குக் கொண்டுபோவது என்பதும் அந்தப் பேச்சில்தான் முடிவாகும். பந்தலூர் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து இருவரையும் இணைப்பவள் சுலோச்சனா. டிரங்க் காலில் மூன்று நிமிடம் ஆனதும் லைனில் வந்து, நீட்டிக்கவா என்று கேட்க வேண்டும். மற்றபடி வாய் திறக்கக் கூடாது.

3

இலங்கையிலிருந்து வந்த அங்கம்மா பிள்ளை பெற்று எட்டு நாள். (முதலில் பிள்ளைக்குத்தான் சுகமில்லை என்று எழுதினேன். மனசு கேட்கவில்லை, அடித்துவிட்டேன்.)

"முகமே சரியில்லைங்க டாக்டர். கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டேங்குறா" என்றார் அம்புரோஸ்.

"அவங்ககிட்ட போனைக் குடு. ஏம்மா, மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க தொர. சொகமா இருக்கேங்க தொர."

இலங்கைத் தோட்டத்தில் மேனேஜர் துரை கேட்டால் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் அன்றைக்கு வருகைப் பதிவில் பேர் விழாது, கூலி கிடையாது. அந்தப் பயமும் கூடவே கப்பலேறி வந்துவிட்டது. போனில் அதிகாரமாகப் பேசுகிறவர் அவளுக்குத் துரைதான்.

"அப்ப ஜீப் வேண்டாம் அம்புரோஸ். நாளைக்குப் பார்ப்போம்."

(அடிக்குறிப்பு: ஊட்டி லைனில் ஒரே இரைச்சல். எஸ்டேட் லைன் கிட்டத்தில். டாக்டருக்குக் கேட்காதது நடுவில் இருப்பவளுக்குக் கேட்கும்.)

4

"ஏனுங்க டாக்டர், வெச்சுராதீங்க!"

மூன்று நிமிடக் கணக்குக்காக லைனில் வந்து கேட்டுக்கொண்டிருந்த சுலோச்சனாதான் அது. வேலை போனால் போகட்டும்.

"அங்கம்மாக்கா, கப்பல்ல உங்ககூட யாராரு வந்தாங்க? நிறுத்தாம சொல்லுங்க பாக்கலாம்."

"எங்க வீட்டுக்காரரு... கொழுந்தன்... லிங்கசாமி... மூத்தவ... தெய்வம்மா... எங்க..."

"டாக்டர், பேருக்குப் பேரு மூச்சு வாங்குறாங்க. உங்களுக்குக் கேக்காதுங்க. எனக்குக் கேக்குது."



"அம்புரோஸ், ஜீப்பை எடு. படுக்க வைக்காதே, சாய்ச்சு உக்கார வெச்சே கூட்டிட்டு வா."

"தொர கோவிச்சுக்கலீங்களா?" என்றாள் அங்கம்மா மெதுவாக.

"இல்லக்கா. தைரியமாப் போய்ட்டு வாங்க."

எனக்கு இந்த இரண்டு பெண்கள் மேலும் அன்பு வந்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு அது ஆகாது.

5

மறுநாள் பதினொரு மணி. அம்புரோஸின் போன். சுலோச்சனா ஊட்டியை இணைத்துவிட்டு, வழக்கமாகக் கழற்றிவைக்கும் ஹெட்போனைக் கழற்றாமல் இருக்கிறாள்.

அம்புரோஸ், "அங்கம்மா

(மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன். பந்தியில் சுலோச்சனாவிடமே கேட்டிருக்கலாம். அவர் கண் கலங்கியிருந்தது. எதனால் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

லைன் இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஹெட்போனை உங்களிடம் தருகிறேன். அம்புரோஸ் என்ன சொல்கிறார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மூணு நிமிஷம் ஆச்சுங்க. நீட்டிக்கட்டுங்களா?