மீன் மயக்கும் பொடி

கோயிலுக்குப் புறப்பட்டுச் சமையலறைக்கு வந்த ஃபீபி அப்படியே நின்றாள். மேல்தட்டில் அவள் வைத்திருந்த எவர்சில்வர் டப்பா மேடையில் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஈரக் கரண்டி, காலித் தம்ளர்.

"மாமா, இதுலேர்ந்தா எடுத்தீங்க?"

"ஆமாம்மா. கடுக்காய் அரைச்சு வச்சிருக்க, சொல்லவே இல்ல." மாமனார் ஐசக் வாயைத் துடைத்துக்கொண்டார். ஆம்பூர்த் தோல் ஷெட்டில் தோல் பதனிட முப்பது வருஷம் கடுக்காய்ப் பொடி கலந்தவர். ஞாயிறுதோறும் வயிறு சுத்தமாக வெந்நீரில் ஒரு கரண்டி குடிப்பார். "நிறத்தப் பார்த்தாலே சொல்லிடுவேன். கசப்புதான் ஜாஸ்தி."

அது கடுக்காய் இல்லை.

அந்தமானில் ஃபீபி பிறந்த வீட்டின் பின்னால், கடலோரத்தில் அந்த மரம் நின்றது. சின்னப் பெட்டி மாதிரி சதுரமாகக் காய்க்கும். தீவுக்காரர்கள் காய்ந்த காயை வலைக்கு மிதவையாகக் கட்டுவார்கள். இலையை அனலில் வாட்டி மூட்டுவலிக்கு வைப்பார்கள். கொட்டையைத் துருவிப் பாறைக்குழித் தண்ணீரில் கரைத்தால் மீன்கள் மயங்கி மல்லாந்து மிதக்கும். மீனைத் தின்பார்கள். கொட்டையை யாரும் தின்றதில்லை.

"நம்ம ஏரில போட்டுப் பார்ப்போமா?" என்று கணவன் அபினேஷ் ஆசைப்பட்டதால் ஊரிலிருந்து இரண்டு காய் கொண்டுவந்தாள். ஒன்றின் கொட்டையைக் காயவைத்துப் பொடித்தாள். டப்பாவில் பெயர் எழுதவில்லை.

மனிதனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

அபினேஷ் பாடற்குழுவோடு முன்பே போயிருந்தான். அவள் அழைத்தபோது போனை எடுக்கவில்லை. அதற்குள் கொல்லையில் ஐசக் குமட்டும் சத்தம்.

"நேத்து கல்யாணத்துல மூணு தட்டு பிரியாணி. அது சும்மா விடுமா?" என்றாள் மாமியார் டோரதி, அவர் முதுகைத் தடவியபடி.

பிரியாணி. ஃபீபி டப்பாவைப் பார்த்தாள். குழாய் ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது. கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி நாலு மாதம். சமையலறையில் விஷம் வைத்திருந்த மருமகள் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள்.

ஐசக்கின் சட்டை வியர்வையில் ஒட்டியது. அவர் சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோவில் ஏறும்போது டப்பாவும் மீதமிருந்த காயும் அவள் கைப்பையில் இருந்தன.

"என்ன சாப்பிட்டாரு?" என்றார் டாக்டர்.

"பிரியாணி சார்" என்றாள் டோரதி.

ஃபீபி டப்பாவையும் காயையும் மேசையில் வைத்தாள். "இந்தக் கொட்டைப் பொடி. ஒரு கரண்டி. காலைல ஏழரைக்கு. மீன் மயங்கறதுக்குப் போடறது."

டோரதி அவளைப் பார்த்தாள்.

டாக்டர் காயைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார், போன் பேசினார், டிரிப் ஏற்றச் சொன்னார். "வாந்தி எடுத்தது நல்லது. இத சொல்லலன்னா பிரியாணிக்கு மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

சாயங்காலம் ஐசக் எழுந்து உட்கார்ந்தார். "என் கண்ணுதான் ஏமாந்துச்சு. அவள ஏன் மொறைக்கிற?" என்றார் மனைவியிடம்.

ஃபீபி வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து நீட்டினாள். டோரதி குறுக்கே கை நீட்டித் தம்ளரை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். தனக்கு ஏதாவது செய்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகுதான் கணவரிடம் கொடுத்தாள்.