காக்கைக்கு ஒரு மரத்தொட்டி

மூன்று அமாவாசையாக எங்கள் வீட்டுக்குக் காக்கை வரவில்லை.

எனக்கு அது பெரிய விஷயமில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆனால் போன சித்திரையில் இறந்துபோன என் மனைவி ரஞ்சிதாவின் அம்மா, செவந்தி அத்தை, அமாவாசை தவறாமல் திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறி ஆலங்குடிக்கு வந்துவிடுவார். மகளுக்குப் படைத்த சோற்றைக் காக்கை எடுத்தால்தான் அவர் சாப்பிடுவார். சர்க்கரை உள்ள உடம்பு. போன அமாவாசைக்கு மூன்று மணிவரை மதிலையே பார்த்துக்கொண்டு நின்றவர், கொல்லைப்படியில் மயங்கிச் சரிந்துவிட்டார்.

"அவளுக்கு எம்மேல கோவம் மாப்ள. காய்ச்சல்ல கெடந்தப்ப போன் பண்ணுனா. நான் கோயில் கூட்டத்துல எடுக்காம விட்டுட்டேன்."

"மார்கழி வரைக்கும் காக்கா வந்துச்சே அத்தை."

"அப்ப மறந்திருப்பா. இப்ப ஞாபகம் வந்திருச்சு."

"காக்காய்க்கு அதெல்லாம் தெரியாது."

"ஒங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றார்.

சித்திரையில் தலைத் திவசம். அன்றும் காக்கை வராவிட்டால் அத்தை தாங்கமாட்டார். யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. வெயில் காலம், காக்கைக்கும் தாகம் எடுக்கும். தண்ணீர் வைத்துப் பழக்கிவிட்டால் அன்றைக்கும் வரும்.

பிளாஸ்டிக் பேசினைக் காற்று கொண்டுபோனது. மண் சட்டியைத் தெருநாய் உருட்டியது. சரி, மரத்தில் செய்வோம் என்று முடிவெடுத்தேன். கஜா புயலில் விழுந்த பலாமரத்தின் பலகைகள் கொட்டகையில் கிடந்தன. இரண்டடிக்கு இரண்டடி, நான்கு விரல் ஆழம், இடுப்பு உயரத்துக்கு நான்கு சவுக்குக் கால். யூடியூபில் ஒருவர் இதை இருபது நிமிடத்தில் செய்தார். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கட்டைவிரல் நகமும் போயின.

மதிலோரம் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான்கு மூலையிலும் ஒழுகியது.

பக்கத்துக் கடலைக் கொல்லை சோலையப்பன் அண்ணனுடையது. மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், குளிக்கிறதுக்கா?"

"காக்காய்க்குண்ணே."

"ஒழுகுதே."

"தெரியுதுண்ணே."

"ரெண்டு நாளைக்கு ஊத்திக்கிட்டே இருங்க. பலகை ஊறித் தானா அடைச்சுக்கும். இதெல்லாம் காலேஜ்ல சொல்லித்தர மாட்டாகளா?"

ஊறி அடைத்துக்கொண்டது. பறவைகள் வந்தன. முதலில் தவிட்டுக்குருவிகள், ஏழெட்டு, சண்டையோடு. பிறகு மைனா. அணில் ஒன்று குடிக்க வந்து உள்ளே விழுந்து, அவமானப்பட்டதுபோல் ஓடியது. ஒரு மயில் விளிம்பில் ஏறி உட்கார, தொட்டி சாய்ந்துவிட்டது. கால்களை இன்னும் அரை அடி மண்ணில் இறக்கினேன். தொட்டியைச் சுற்றி ஒரே சந்தை. காக்கை மட்டும் இல்லை.

காரணம் கடலைக் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. விதைத்த கடலையைக் காக்கை கிளறாமலிருக்க, சோலையப்பன் ஒரு செத்த காக்கையைக் கம்பில் கட்டி நட்டிருந்தார். அதைப் பார்த்தால் மற்ற காக்கைகள் அந்தத் திசைக்கே வராது. மார்கழிக் கடலைக்குக் கட்டியது, அறுவடை முடிந்தும் அவிழ்க்கவில்லை. இப்போது சித்திரைக் கடலை விதைத்து நான்கு நாள். இத்தனை மாதமும் அதைக் கறுப்புத் துணி என்று நினைத்திருந்தேன்.

"அண்ணே, அதக் கழட்டணும்."

"கழட்டுனா என் வெதைய யாரு பாக்குறது? பத்து நாள் பொறுங்க. மொளைச்சு நாலு எலை விட்டுட்டா காக்கா தொடாது."

"திவசம் வியாழக்கெழமண்ணே. அத்தை சாப்பிட மாட்டாங்க."

அவர் மண்வெட்டியால் வரப்பை இரண்டு தட்டு தட்டினார்.

"செவந்தியக்காவா? அது பட்டினி கெடந்து அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? புதன்கெழம கழட்டிர்றேன். ஆனா கொல்லைல ஒண்ணு எறங்குனாலும் மறுபடி கட்டிருவேன், ஆமா."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே அத்தை வந்துவிட்டார். சாம்பார், ரசம், பாயசம் அவர் பொறுப்பு. வடை என் பொறுப்பு. உளுந்தை ஆட்டியதில் எங்கோ பிழை. ஒவ்வொரு வடையும் தட்டில் விழும்போது சத்தம் கேட்டது. படத்துக்கு முன்னால் படைத்து, தேங்காய் உடைத்து, ஒரு துண்டு இலையில் சோறும் வடையும் எடுத்துப்போய் மதிலில் வைத்தேன். "கா, கா" என்று கூப்பிட்டேன்.

பதினொரு மணி. பன்னிரண்டு. அத்தை கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது.

"கொஞ்சம் மோராவது குடிங்க."

வேண்டாம் என்று கையை அசைத்தார்.

அப்போது கடலைக் கொல்லையிலிருந்து சத்தம் கேட்டது. "சூ! இங்கிட்டு என்ன வேல? அங்கிட்டுப் போ! சார் வீட்டுல வடை! அங்கிட்டு, அங்கிட்டு!" சோலையப்பன் துண்டைச் சுழற்றிக்கொண்டு வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு காக்கை வேலியைத் தாண்டி வந்து மதிலில் உட்கார்ந்தது. அத்தை எழுந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். காக்கை சோற்றைத் தொடவில்லை. வடையை ஒரு கொத்து கொத்தியது. வடைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கொத்து. கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்த்தது.

"பாத்தீங்களா, வேணாங்குறா," என்றார் அத்தை.

காக்கை வடையைக் கவ்விக்கொண்டு எழும்பியது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அது நேராகத் தொட்டியின் விளிம்பில் இறங்கி, வடையைத் தண்ணீரில் போட்டது. கொஞ்ச நேரம் நின்றது. வடையைப் புரட்டிவிட்டு மறுபடி நின்றது. பிறகு ஊறிய பக்கத்தைப் பிய்த்துத் தின்னத் தொடங்கியது.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று பார்த்தால் சிரிப்பு.

"மெல்லத் தின்னுடி. ஒம் புருசன் சுட்டது. கல்லாட்டம் வந்துட்டா அவரு என்ன பண்ணுவாரு, பாவம்?" முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அன்னைக்கு போன் எடுக்கலன்னு மனசுல வச்சுக்காத, என்ன?"

எனக்கு அது காக்கைதான். ஆனாலும் அது தின்று முடிக்கும்வரை நான் நகரவில்லை.

"எலையப் போடுங்க மாப்ள. பசி கண்ணக் கட்டுது," என்றார் அத்தை.

இரண்டு இலை போட்டேன். அவர் வடையைக் கடித்துப் பார்த்தார். பிறகு சாம்பாரில் போட்டார்.

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "சார், தின்னுச்சா? இங்க இன்னும் நாலு நிக்கிது. அனுப்பவா?"

"அனுப்புங்கண்ணே!" என்று கத்தினேன். வடை நிறைய இருந்தது.